தண்ணீர் நின்ற இடம்

மாமா நீச்சல் குளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து, ஒரு கையை உள்ளே தொங்கவிட்டு, டைல்ஸின் மேல் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மாடியில் அவருடைய மனைவிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

மருமகள் பின்வாசல் படியில் நின்று அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து மாடிக்கும் கீழுக்கும் நடந்தே அவளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. சட்டையின் முன்பக்கம் முழுக்க ஈரமும் அழுக்குமாக, பேரன் பேத்தி எடுக்கிற வயதில் ஒரு மனிதர் தரையோடு தரையாகக் கிடப்பதைப் பார்க்க அவளுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"மாமா, அத்தை கேக்கறாங்க."

"இதோ வந்துட்டேம்மா."

"இதோ இதோன்னு காலையிலேர்ந்து சொல்றீங்க. டாக்டர் என்ன சொல்லிட்டுப் போனாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்." அவர் தலையைத் தூக்கவில்லை. "தண்ணி இன்னும் இறங்கிட்டே இருக்கு பாரு. எங்கயாவது ஒரு எடத்துல நிக்கணும்ல. நின்னதும் வந்துடறேன்."

டாக்டர் சொன்னது ரொம்பச் சுருக்கம். வரவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார், பையை மூடினார். மாமா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார், கதவைச் சாத்தினார், நேராகப் பின்பக்கம் வந்து படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மாடிப்படியில் அவர் கால் வைக்கவில்லை.

குளம் என்றதும் பெரிய மாளிகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு லாரியை நிறுத்துகிற அளவு இடம், அவ்வளவுதான். வீட்டைக் கட்டும்போதே அத்தை கேட்டு வாங்கிய ஒரே பொருள் அது. நகை வேண்டாம், கார் வேண்டாம், தண்ணீர் வேண்டும் என்றாளாம். அத்தை நீச்சல் டீச்சர். அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இந்தக் குளத்தில் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள்தான். மீன் டீச்சர் என்றால்தான் தபால்காரருக்கே வீடு தெரியும்.

மாமாவுக்கு நீச்சல் தெரியாது. தெரியாது என்பதுகூடச் சரியில்லை, முழங்கைக்கு மேல் அவர் அந்தத் தண்ணீரில் நனைந்ததே இல்லை. கல்யாணமான புதிதில் அத்தை கையைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறாள், கெஞ்சிப் பார்த்திருக்கிறாள், பிள்ளைகளை விட்டுக் கேலி செய்யச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். தலைகீழாக நின்றும் நடக்கவில்லை. "இத்தனை வருஷமா எனக்கே தண்ணி காட்டறாரு உங்க மாமா" என்று சிரிப்பாள். ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டது அவர்தான். உள்ளே இருப்பது அவள் ராஜ்ஜியம், விளிம்பும் மோட்டாரும் குழாயும் அவர் ராஜ்ஜியம் என்று எப்போதோ பாகம் பிரிந்துவிட்டது.

அவர் உத்தியோகமும் அதற்குத் தோதாக இருந்தது. கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுகிற ஆய்வாளர். ஓய்வு பெற்ற பிறகு சோதித்துப் பார்க்க அவருக்கு மிஞ்சியது இந்தக் குளம் ஒன்றுதான். குளத்துச் சுவரில் ஒரு வாய் உண்டு. மிதக்கிற இலை தழை பூச்சியெல்லாம் அதன் வழியாகப் போய்க் கூடையில் விழும். தண்ணீர் அந்த வாயின் பாதி உயரத்தில் நிற்க வேண்டும். குறைந்தால் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடித்துக் கருகிப்போகும். கூடினால் வாய் மூழ்கி, குப்பை உள்ளே போகாமல் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பாதி என்றால் பாதி. மழை பெய்தால் கொஞ்சம் வெளியேற்றுவார், வெயில் காய்ந்தால் குழாயைத் திறந்து கொஞ்சம் விடுவார். வீட்டுக்கு வந்த விருந்தாளி காபி ஆறக் காத்திருக்க, அவர் குளத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

போன வாரம் ஒரு நாள் மோட்டார் இருமியது. கடகடவென்று காற்றைக் குடிக்கிற சத்தம். மாமா ஓடிப்போய் அணைத்தார். பார்த்தால் தண்ணீர் வாய்க்குக் கீழே போயிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம்தான் அத்தை படியேறும்போது பாதியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் வீங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்ததைப் பற்றி மாமா யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலில் அவர் வாளி வைத்துப் பார்த்தார். குளத்துப் படியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். வெயில் குடிப்பதென்றால் இரண்டிலும் ஒரே அளவுதான் குடிக்கும். வாளியில் குறைந்தது நகக்கண் அளவு, குளத்தில் குறைந்தது ஒரு சாண். ஆக, திருட்டு. சுவரில் எங்கேயோ ஓட்டை. அந்த ஓட்டைக்கு அவர் திருடன் என்றே பேர் வைத்துவிட்டார். அவனைப் பிடிக்கிற வழியும் அவருக்குத் தெரியும். வருகிற குழாயை மூடிவிட வேண்டும், மோட்டாரை நிறுத்திவிட வேண்டும், இறங்குகிற மட்டும் இறங்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்கு வந்ததும் தண்ணீர் தானாக நின்றுவிடும். நின்ற இடத்தில் சுற்றிலும் தேடினால் திருடன் அகப்படுவான்.

அவர் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் கோட்டைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டே இருந்தது. அன்று காற்றே இல்லை. தண்ணீர் ஒரு சின்ன நெளிவுகூட இல்லாமல், யாரோ அடியிலிருந்து பொறுமையாக உறிஞ்சுகிற மாதிரி இறங்கியது. எப்போதும் மூழ்கியே இருந்த டைல்ஸ் வெளியே வந்து, பாசியும் சுண்ணாம்பும் படிந்து, முதல் தடவையாக வெயிலைப் பார்த்தது.

மருமகள் மாடிக்குப் போனாள்.

அத்தையின் கட்டில் ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழேதான் குளம். எழுந்து பார்க்க முடியாதே தவிர, கீழே ஒரு ஈ தண்ணீரில் விழுந்தாலும் அவளுக்குக் கேட்கும்.

"வரலையா?"

"வந்துட்டே இருக்காரு அத்தை. சட்டை மாத்திட்டு வரேன்னாரு."

அத்தை லேசாகச் சிரித்தாள். மருமகளுக்கு ஒரு கூரியர் கம்பெனியில் குறை கேட்கிற பிரிவில் வேலை. பார்சல் தொலைந்தவர்களிடமெல்லாம் கிளம்பிடுச்சு, வழியில இருக்கு, இன்னிக்கு வந்துடும் என்று நாள் முழுக்கச் சொல்லுகிற வேலை. அந்தக் குரலை வீட்டிலும் எடுத்துவிடுகிறாள் என்று அவள் கணவன் அடிக்கடி கடிந்துகொள்வான். அவன் இப்போது ரயிலில் வந்துகொண்டிருந்தான். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

"பயந்துட்டாருடி," என்றாள் அத்தை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "பயந்தா அவருக்கு எதையாவது அளக்கணும். உன் புருஷன் பொறக்கறப்ப ஆஸ்பத்திரி வராந்தாவை அளந்துட்டு இருந்தாராம், நர்ஸ் சொன்னா."

"நான் போய் இழுத்துட்டு வரேன்."

"திட்டாத. கையைப் பிடிச்சுட்டுப் பக்கத்துல உக்காந்தா போதும். வேற எனக்கு ஒண்ணும் வேண்டாம்." கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடேயே சொன்னாள், "எப்படியாவது கூட்டிட்டு வா. நேரமில்லை."

அந்த நேரமில்லை என்கிற வார்த்தையை அவள் அழுத்திச் சொல்லவில்லை. பாடம் முடிந்து பிள்ளைகளைக் கரையேறச் சொல்லுகிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை மருமகளிடம் எதையுமே கேட்டதில்லை.

கீழே வந்து மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, தண்ணி எங்கயும் ஓடிப்போயிடாது. நாளைக்கு ஆள் வெச்சுப் பாத்துக்கலாம். நான் நம்பர் வாங்கித் தரேன்."

"ஓடித்தான் போகுது. எங்க போகுதுன்னுதான் தெரியல." அவர் குரல் கம்மியிருந்தது. "சமையல்கட்டு சுவத்துல ஒரு கீறல் விட்டிருக்கு, பாத்தியா? புதுசு. அடியில மண்ணெல்லாம் கரைஞ்சு போகுது."

"வீடு இருக்கட்டும். அவங்க கேக்கறாங்களே."

"நான் இப்ப எழுந்து போனா," என்று ஆரம்பித்து நிறுத்தினார். பென்சிலை விரலால் உருட்டினார். "நான் இங்க இருக்கற வரைக்கும் நடக்காதும்மா. எனக்குத் தெரியும். இது நிக்கட்டும். நின்னுடுச்சுன்னா நிமிர்ந்து வந்து அவகிட்ட உக்காந்துடுவேன். சத்தியமா."

அப்போதுதான் மருமகளுக்குப் புரிந்தது. அவர் ஓட்டையைத் தேடவில்லை. இந்தத் தண்ணீரோடு மனதுக்குள் ஏதோ ஒரு பந்தயம் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். இது நின்றால் மாடியில் நடக்கப்போவதும் நின்றுவிடும். இதை அவரிடம் எடுத்துச் சொல்லி வாதாட முடியாது. யாராலும் முடியாது.

அவள் எழுந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு மோட்டார் அறைக்குப் பின்பக்கம் போனாள்.

அங்கேதான் குளத்துக்கு வருகிற குழாயின் வால்வு. பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும்போது தண்ணீர் விழுகிற சத்தம் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று அந்தக் குழாயை ஆழத்துப் பக்கம் அடியில் கொண்டுபோய் விட்டிருந்தார் மாமா. திறந்தால் மேலே ஒன்றும் தெரியாது, கேட்காது. வால்வைக் காலையில் அவரே கையால் இறுக்கி மூடியிருந்தார். அவர் மூடியதை இன்னொருவர் திறப்பார் என்பது அவர் கணக்கிலேயே வராத விஷயம்.

அவள் திறந்தாள். குழாய்க்குள் ஒரு சின்ன நடுக்கம். உள்ளங்கையை வைத்தால் தெரிந்தது. சுவர் ஓரமாக எட்டிப் பார்த்தாள். மாமா தலையைச் சாய்த்துத் தண்ணீரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் திறந்துவிட்டால் தண்ணீர் ஏறும், ஏறினால் குட்டு உடைந்துவிடும். திரும்பி வந்து கொஞ்சம் மூடினாள். மறுபடியும் எட்டிப் பார்த்தாள். இப்படி நாலைந்து தடவை. கடைசியில் போகிற தண்ணீரும் வருகிற தண்ணீரும் சரிக்குச் சரியாக வந்திருக்க வேண்டும், ஏனென்றால் மாமா முட்டியை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றுமே தெரியாதவள் போல மருமகள் பின்வாசல் வழியாக வந்தாள்.

"நின்னுடுச்சும்மா," என்றார் அவர். கோட்டைக் காட்டினார். தண்ணீர் கோட்டின் மேல் விரல் வைத்த மாதிரி நின்றது. "ரொம்ப நேரமா பாக்கறேன். இம்மிகூட அசையல."

"அப்பாடா," என்றாள். நிஜமாகவே சொன்னாள். "வாங்க மாமா போலாம்."

"கையைக் கழுவிட்டு வரேன். நீ முன்னாடி போய்ச் சொல்லு. நின்னுடுச்சுன்னு சொல்லு." அவர் முகம் ஒரு வாரத்துக்குப் பிறகு மனித முகமாக இருந்தது. அதைப் பார்த்ததும் மருமகளுக்கு, தான் செய்தது பொய்யே இல்லை, ஏதோ மருந்து கொடுத்திருக்கிறோம் என்று தோன்றியது. சந்தோஷமாக மாடியேறினாள்.

"வராரு அத்தை. நிஜமாவே வராரு. தண்ணி நின்னுடுச்சு."

அத்தை கண்ணைத் திறந்தாள். மருமகள் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உன் கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

"பாத்திரம் கழுவினேன்."

அத்தை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள். இருவரும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்பதற்காகக் காத்திருந்தார்கள். கேட்கவில்லை. கை கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்று மருமகள் யோசித்தாள். அத்தையின் மூச்சு ஒவ்வொரு தடவையும் போய்விட்டுத் திரும்பி வருமா வராதா என்று நின்று நின்று வந்தது.

திடீரென்று அத்தையின் விரல்கள் இறுகின.

"யாரோ தண்ணில இறங்கறாங்க."

"இல்ல அத்தை. யாரும் இல்ல."

"ஏணி." அத்தை தலையை ஜன்னல் பக்கம் திருப்ப முயன்றாள். "ஆழத்துப் பக்கத்து ஏணி. அவருதான்." இத்தனை நாளாக இல்லாத ஒரு பலம் அவள் குரலில் வந்தது. "போ. அவருக்குத் தண்ணி தெரியாது. ஓடு."

"உங்களை விட்டுட்டு எப்படி—"

"போடி."

மருமகள் ஓடினாள். படிகளை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுபோயிற்று.

மாமா ஆழத்துப் பக்கம் ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தார். கழுத்துவரை தண்ணீர். சட்டை பலூனாக உப்பி முதுகைச் சுற்றி மிதந்தது. ஒரு கை ஏணிக் கம்பியைக் குரங்குப் பிடியாகப் பிடித்திருந்தது. இன்னொரு கை, ஏணிக்குப் பக்கத்தில் இரண்டு டைல்ஸ் சேருகிற கறுத்த இடுக்கில் ஒரு உருண்டைப் பசையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள்ளேயே இறுகுகிற பசை. பல் தந்தியடித்தது. ஆனால் சிரித்தார்.

"பிடிச்சுட்டேம்மா. கோட்டு மட்டத்துலயே சுத்திப் பாத்துட்டு வந்தேன். இங்கதான் இருக்கான்."

"மாமா, வெளியே வாங்க. அத்தை கூப்பிடறாங்க. இப்பவே வாங்க."

"இது இறுகற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. இப்ப எடுத்தா எல்லாம் வீண். அவகிட்ட வெறும் கையோட போய் என்ன சொல்றது? அடைச்சுட்டேன்னு சொல்லணும்ல. இறங்கினேன்னு சொல்லணும்ல. நம்பவே மாட்டா."

மருமகள் விளிம்பில் மண்டியிட்டு அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் நீச்சல் அரைகுறைதான். காலடியில் தண்ணீர் கறுப்பாக, அடி தெரியாமல் இருந்தது. அந்த அடியில்தான் அவள் திறந்துவிட்ட குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாம். ஒரே வரி. அங்க ஓட்டை இல்ல மாமா, நான்தான் குழாயைத் திறந்துவிட்டேன். சொன்னால் கையை எடுத்துவிடுவார். எடுத்ததும் இன்னொரு கையும் நழுவிவிட்டால்? இந்த மனிதரைத் தன்னால் தூக்க முடியுமா? நழுவாவிட்டாலும், இந்த முகம் என்ன ஆகும்? இவர் பந்தயத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். தோற்றவரை எப்படி அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பது? கொஞ்ச நேரம்தானே. பசை இறுகுகிற நேரம்தானே. இதெல்லாம் அவள் மனதில் ஓடியது. அவள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். அங்கே திரை மட்டும்தான் தெரிந்தது.

"சரி மாமா," என்றாள். அவளுடைய ஆபீஸ் குரல் அது. "நல்லா அழுத்திப் பிடிங்க. நான் பிடிச்சுட்டு இருக்கேன்."

இருந்தார்கள். தண்ணீர் அசையவில்லை. மாமா உதடு நீலம் பாரிக்க, கண்ணை இடுக்கிக்கொண்டு அழுத்தினார். நடுவில் ஒரு தடவை, "ஜன்னல் தொறந்துதான இருக்கு? அவளுக்குக் கேக்கும்ல?" என்றார். கேட்கும் என்றாள். அவர் வேண்டுமென்றே ஒரு காலால் தண்ணீரைச் சளப்பென்று அடித்தார்.

பசை இறுகியது. அவரை மேலே இழுப்பது பெரும்பாடாக இருந்தது. ஏறியதும் துடைத்துக்கொள்ளக்கூட நிற்காமல், நனைந்த உடுப்போடு, படிக்குப் படி தண்ணீர் சொட்ட மாடியேறினார். மருமகள் பின்னாலேயே போனாள். முன்னால் போயிருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை நினைத்துக்கொண்டாள்.

"நின்னுடுச்சு," என்று சொல்லிக்கொண்டே அவர் அறைக்குள் நுழைந்தார். "அடைச்சுட்டேன். இறங்கினேன், தெரியுமா? கழுத்து வரைக்கும் தண்ணில. கேட்டுதா உனக்கு?"

அத்தையின் தலை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்பவள் போலத்தான் இருந்தாள். கண்கள் திறந்திருந்தன. ஒரு கை கட்டிலுக்கு வெளியே, மருமகள் விட்டுவிட்டு ஓடின இடத்தில், அப்படியே கிடந்தது.

மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவருக்கு எப்போது தெரிந்தது என்று மருமகளால் சொல்ல முடியவில்லை. சட்டையிலிருந்து தண்ணீர் கட்டில் விரிப்பிலும் தரையிலும் சொட்டிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "கேட்டுருக்கும்," என்றார்.

மகன் வந்து சேர்ந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். அழுதான். உறவுக்காரர்கள் வந்தார்கள், தெருக்காரர்கள் வந்தார்கள். மீன் டீச்சரிடம் நீச்சல் பழகியவர்கள் தத்தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, பின்பக்கம் போய்க் குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் கடைசி நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தது என்று கேட்டார்கள். கேட்கத்தான் செய்வார்கள், வேறு என்ன கேட்பது என்று அவர்களுக்கும் தெரியாது.

"நான்தான் பக்கத்துல இருந்திருக்கணும்," என்று மாமா ஒவ்வொருவரிடமும் சொன்னார். "தண்ணி நின்னுடுச்சு. அதனாலதான் இறங்கினேன். நிக்காம இருந்திருந்தா இறங்கியிருக்க மாட்டேன், எப்படியும் எழுந்து மேல போயிருப்பேன். என்ன, ஓட்டையை அடைச்சேன். அது ஒண்ணுதான்."

தேநீர்க் கோப்பைகளை வைத்துக்கொண்டு மருமகள் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் கோப்பையைக் கொட்டாமல் நீட்டினாள்.

குழாய் அன்றைக்குத் திறந்தது திறந்தபடிதான் இருந்தது. மூடினால் தண்ணீர் இறங்கும். அந்தப் பசையையும் தாண்டி, மாமா அடைத்த இடத்துக்கும் கீழே, வெட்கமில்லாமல் இறங்கும். அவர் அதைப் பார்ப்பார். பார்த்தால், அவர் எதற்காக அந்த நேரத்தில் தண்ணீருக்குள் நின்றார் என்பதற்கு ஒரு பதிலும் இருக்காது.

வீடு அடங்கிய பிறகு ஒரு நாள் காலையில் மாமா குளத்தை நிரப்ப வேண்டும் என்றார். வாய் காய்கிறது, பாதி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். வால்வு பக்கம் அவர் நடக்க ஆரம்பித்ததும் மருமகள் முந்திக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க மாமா. மட்டம் பாத்துச் சொல்லுங்க. நான் திறக்கறேன்."

அவர் வாய்க்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் ஏறிப் பாதிக்கு வந்ததும் கையைத் தூக்கினார்.

"மூடிட்டியாம்மா?"

"மூடிட்டேன் மாமா."

மட்டம் ஏற ஏற ஓட்டையும் அதிகம் குடிக்கும்போல. அவள் முன்னைவிடக் கொஞ்சம் கூடவே திறந்து வைக்க வேண்டியிருந்தது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்த் திருகிச் சரி செய்தாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்து மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிட்டார், தூங்கினார். மெழுகுப் பென்சில் கோடுகளைத் துணியால் துடைத்துவிட்டார். நாளைக்கு இன்னொரு தடவை இறங்கி, பசை நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று தினமும் சொன்னார்.

ஊருக்குக் கிளம்புகிற நாள் வந்தபோது மருமகள் கணவனிடம், தான் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

"வேலை?"

"லீவு கேட்டிருக்கேன். அப்பாவைத் தனியா விட முடியுமா?"

அவன் அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். "நீ இருக்கேன்னா எனக்கு நிம்மதி. பொண்ணு இருந்தாகூட இப்படிப் பாக்க மாட்டா." கண் கலங்கியிருந்தான். அவள் அவன் தோளுக்கு மேலே சமையல்கட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீறல் ஜன்னல் மூலையைத் தொட்டுவிட்டிருந்தது. "எவ்வளவு நாள் இருப்ப?" என்று கேட்டான். பார்க்கலாம் என்றாள்.

அவன் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்றாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். மோட்டார் அறைக்குப் பின்னால் மண் சொதசொதவென்று ஆகியிருந்தது. கால் வைத்த இடத்தில் புதைந்து, எடுத்த இடத்தில் தண்ணீர் ஊறியது. குனிந்து வால்வைத் தொட்டாள். உள்ளே தண்ணீர் ஓடுகிற நடுக்கம் உள்ளங்கைக்கு வந்தது. ஒரு நூல் அளவு திருகினாள்.

"அம்மா," என்று குளத்துப் பக்கமிருந்து மாமா கூப்பிட்டார். "வந்து பாரேன். இம்மிகூட அசையல."

"வரேன் மாமா," என்றாள் மருமகள். கையை வால்விலிருந்து எடுக்கவில்லை.